தன் பாட்டைச் சேர்க்காத குரு

அடுகோடியில் இருந்து அல்சூர் சோமேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் அப்படியே ஏரிக்கரைப் பக்கம் நடந்தால், வெள்ளை வெளேர் என்று ஒரு கட்டிடம் கண்ணில் படும். அது சீக்கியர்களின் குருத்துவாரா. செருப்பைக் கழற்றிவிட்டு, கால் அலம்பி, தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். என்ன ஊர், என்ன சாதி என்று கேட்க மாட்டார்கள். பந்தியில் உட்கார்ந்தால் சப்பாத்தியும் பருப்பும் பரிமாறுவார்கள்.

உள்ளே சாமி சிலை கிடையாது. விதானத்தின் கீழே, மெத்தை மேலே, பட்டுத்துணி போர்த்திய பெரிய புத்தகம் ஒன்று இருக்கிறது. ஒருவர் அதற்குச் சாமரம் வீசுகிறார். வருகிறவர்கள் நெற்றி தரையில் பட அதை வணங்குகிறார்கள். இரவானால் அந்தப் புத்தகத்தைத் தலைமேல் சுமந்து சென்று பள்ளி கொள்ளச் செய்கிறார்கள். விடியுமுன் மறுபடியும் எழுந்தருளப் பண்ணுகிறார்கள். நம் பெருமாள் கோயில்களில் உற்சவருக்கு நடக்கிற உபசாரம் எல்லாம் அங்கே புத்தகத்துக்கு நடக்கிறது.

சீக்கியருக்கு அது வெறும் புத்தகம் அல்ல. அதுதான் குரு. பத்து குருமார்கள் ஒருவர் பின் ஒருவராக அமர்ந்த பீடத்தில், 1708-ம் ஆண்டு முதல் அந்தக் கிரந்தம் அமர்ந்திருக்கிறது. அப்படி அமர்த்தியவர் பத்தாவது குருவான கோவிந்தசிங். அவர் பெரிய கவிஞர். ஆனாலும் தாம் பாடிய பாடல்களை அவர் அந்தக் கிரந்தத்தில் சேர்க்கவில்லை. ஒரே ஒரு சிறு செய்யுள் மட்டும் அவருடையது என்று சிலர் சொல்வது உண்டு. அவர் பெயரில் வேறு ஒரு பெரிய நூல் தனியாக இருக்கிறது. அந்த நூலுக்கு என்ன மரியாதை கொடுப்பது என்பதில்தான் 300 ஆண்டுகளாகச் சீக்கியர்களுக்குள் தகராறு.

ஒரு சொல்லை மாற்றிய மகன்

கோவிந்தசிங் பிறப்பதற்கு முன்பே கிரந்தத்தை வைத்து அந்தக் குடும்பத்தில் பல சோதனைகள் வந்துவிட்டன.

ஐந்தாவது குரு அர்ஜன்தேவ் காலத்தில், அவருடைய சொந்த அண்ணனே தனிக் கடை விரித்தார். அவரும் அவர் மகனும் நானக் பெயரைப் போட்டுப் புதுப் பாடல்களைக் கட்டி ஊருக்குள் விட்டார்கள். எது அசல், எது போலி என்று மக்களுக்குத் தெரியவில்லை. எனவே அர்ஜன்தேவ் உண்மையான பாடல்களை எல்லாம் திரட்டி, பாய் குருதாஸ் என்பவரை எழுதச் சொல்லி, 1604-ல் அமிர்தசரஸ் பொற்கோயிலில் கொண்டுபோய் வைத்தார். குருமார்களின் பாடல்களோடு நெசவாளி கபீர், செருப்புத் தைத்த ரவிதாஸ், நாவிதர் சைன், முஸ்லிம் ஞானி பரீத் ஆகியோரின் பாடல்களும் அதில் சரிசமமாக இடம் பெற்றன.

ஏழாவது குரு ஹர்ராய் காலத்தில் நடந்தது இன்னும் கடுமையானது. கிரந்தத்தில் முஸ்லிம்களை இழித்து எழுதியிருப்பதாக டெல்லி பாதுஷா அவுரங்கசீப்புக்குப் புகார் போயிற்று. விளக்கம் சொல்லக் குரு தம் மூத்த மகன் ராம்ராயை அனுப்பினார். குறிப்பிட்ட ஒரு பாட்டைக் காட்டிப் பாதுஷா கேட்டபோது, ராம்ராய் சமயோசிதமாக ஒரே ஒரு சொல்லை மாற்றிப் படித்தார். பாதுஷா மகிழ்ந்து போனார். செய்தி தகப்பனார் காதுக்கு எட்டியது. குரு நானக்கின் வாக்கைத் திருத்தியவன் என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். மூத்தவன் இருக்க, ஐந்து வயதுத் தம்பி ஹர்கிஷனுக்குப் பீடம் போயிற்று. ராம்ராய் மலையடிவாரத்தில் போய் மடம் போட்டுத் தங்கினார். பிற்காலத்தில் அந்த மடத்தைச் சுற்றி வளர்ந்த ஊர்தான் டேராடூன். டேரா என்றால் மடம், தங்குமிடம்.

இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் கோவிந்தராய்.

தகப்பனின் தலை

1666-ம் ஆண்டு இறுதியில் பாட்னாவில் பிறந்தார் கோவிந்தராய். தந்தை ஒன்பதாவது குரு தேக்பகதூர். தாயார் குஜ்ரி. சிறு வயதிலேயே குடும்பம் பஞ்சாபின் மலையடிவாரமான ஆனந்தபூருக்கு வந்து சேர்ந்தது.

1675-ல் காஷ்மீர்ப் பண்டிதர்கள் சிலர் தேக்பகதூரைத் தேடி வந்தார்கள். மதம் மாறும்படி தங்களைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று முறையிட்டார்கள். குரு கவலையோடு யோசனையில் இருந்தார். யாராவது ஒரு மகான் உயிரைக் கொடுத்தால்தான் இது தீரும் என்று அவர் சொல்ல, பக்கத்தில் நின்ற ஒன்பது வயதுச் சிறுவன், உங்களைவிடப் பெரிய மகான் வேறு யார் என்று கேட்டானாம். சீக்கிய வீடுகளில் இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை இது.

தேக்பகதூர் டெல்லிக்குக் கொண்டு போகப்பட்டார். 1675 நவம்பரில் சாந்தினி சவுக் கடைத்தெருவில் அவர் தலை துண்டிக்கப்பட்டது. பூணூல் போடாத ஒருவர், பூணூல் போட்டவர்களின் உரிமைக்காக உயிரை விட்டார்.

உடலை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஜைதா என்ற துப்புரவுத் தொழிலாளி கூட்டத்தில் புகுந்து தலையை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு ஆனந்தபூருக்கு நடந்தார். லக்கிஷா என்ற வண்டிக்காரர் உடலைத் தம் வண்டியில் மறைத்துக் கொண்டுபோய், வீட்டுக்குள் வைத்து வீட்டோடு கொளுத்தித் தகனம் செய்தார். டெல்லியில் பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அருகே இருக்கும் ரகாப்கஞ்ச் குருத்துவாரா அந்த வீடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

தகப்பன் தலையோடு வந்து நின்ற ஜைதாவை, தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கிய அந்த மனிதரை, சிறுவன் கோவிந்தராய் கட்டித் தழுவிக்கொண்டான். அவர் சாதியாரைக் குருவின் பிள்ளைகள் என்று அழைத்தான். ஜைதா பின்னாளில் ஜீவன்சிங் என்ற பெயரோடு போர்க்களத்தில் உயிர் விட்டார்.

யமுனைக் கரையில் புலவர்கள்

குருபீடம் ஏறிய கோவிந்தராய்க்குக் குதிரையேற்றமும் வில்வித்தையும் எவ்வளவு பிடித்ததோ, அவ்வளவு பிடித்தது படிப்பு. பஞ்சாபி, பிரஜ், சமஸ்கிருதம், பாரசீகம் எல்லாம் கற்றார். 1685 முதல் சில ஆண்டுகள் யமுனைக் கரையில் பவுண்டா என்ற இடத்தில் தங்கினார். அவர் அவையில் 52 புலவர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். ராமாயணம், பாகவதம், மகாபாரதக் கதைகள், தேவி புராணம் என்று பழைய நூல்கள் பலவும் அங்கே மக்கள் பேசும் மொழிக்கு வந்தன. குருவும் பாடினார், புலவர்களும் பாடினார்கள். யார் பாடியது எது என்ற பிற்காலத்து வழக்குக்கு விதை அங்கேதான் விழுந்தது.

சமஸ்கிருதம் கற்றுத்தர ஒரு பண்டிதரைக் கேட்டபோது, கீழ்ச்சாதியார் அவையில் இருக்கும்போது பாடம் சொல்ல முடியாது என்று அவர் மறுத்துவிட்டாராம். உடனே குரு ஐந்து சீடர்களைக் காசிக்கு அனுப்பிப் படித்து வரச் செய்தார். காசியில் நிர்மலர்கள் என்ற சீக்கியப் பண்டிதர் கூட்டம் உருவான வரலாற்றை இப்படிச் சொல்கிறார்கள்.

பீதாரில் இருந்து போன நாவிதர்

நமது சித்திரை முதல் நாளை ஒட்டி வருவது பஞ்சாபின் வைசாகி. 1699 வைசாகியன்று ஆனந்தபூரில் பெருங்கூட்டம். குரு உருவிய வாளுடன் மேடையில் ஏறி, தலை கொடுக்க யார் தயார் என்று கேட்டார். கூட்டம் வெலவெலத்துப் போயிற்று. மறுபடி கேட்டார். ஒருவர் எழுந்தார். அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போய், ரத்தம் சொட்டும் வாளோடு குரு திரும்பி வந்தார். இப்படியே ஐந்து பேர் எழுந்து போனார்கள். கடைசியில் ஐவரும் புத்தாடையோடு உயிருடன் வெளியே வந்தார்கள். கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அந்த ஐவர் யார் என்பது.

லாகூர் வியாபாரக் குலத்துத் தயாராம், அஸ்தினாபுரத்து உழவர் தரம்தாஸ், பூரி ஜகந்நாதத்தில் இருந்து வந்த தண்ணீர் சுமப்பவர் ஹிம்மத், துவாரகையில் துணிக்கு அச்சுப் போடும் மொகம்சந்த், பீதார் நாவிதர் சாகிப்சந்த். இந்தப் பீதார் நம் கர்நாடகத்தின் வடகோடியில் இருக்கும் பீதார்தான். பிழைப்புக்காகவும் பக்திக்காகவும் ஊர் விட்டு ஊர் போனவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். கர்நாடக மண்ணில் பிறந்த ஒரு முடிதிருத்தும் தொழிலாளி, சீக்கியரின் தினசரிப் பிரார்த்தனையில் நினைக்கப்படும் ஐவரில் ஒருவர் ஆனார்.

இரும்புப் பாத்திரத்தில் சர்க்கரை கலந்த தண்ணீரை வாளால் கலக்கி ஐவருக்கும் ஒரே பாத்திரத்தில் குரு கொடுத்தார். பிறகுதான் யாரும் எதிர்பாராத காரியம் நடந்தது. குரு அந்த ஐவர் முன்னால் மண்டியிட்டு, தமக்கும் அதே தீர்த்தத்தைக் கொடுத்துத் தீட்சை தரும்படி கேட்டுக்கொண்டார். கோவிந்தராய் அன்று கோவிந்தசிங் ஆனார். சீடர்கள் குருவுக்குத் தீட்சை கொடுத்த கதை நம் புராணங்களில்கூடக் குறைவு. சாமிமலையில் பிள்ளை தகப்பனுக்கு உபதேசம் செய்ததை வேண்டுமானால் சொல்லலாம்.

கால்சா என்ற அந்தச் சகோதரக் கூட்டத்துக்கு நடத்தை விதிகள் ஏற்பட்டன. முடி வெட்டக்கூடாது. புகையிலை கூடாது. பிறர் மனை நோக்கக்கூடாது. பெண் குழந்தையைக் கொல்கிறவர்களோடு உறவு கூடாது. ஊர் ஊராகக் காணிக்கை வசூலித்துத் தாங்களே குட்டிக் குருவாகி அட்டகாசம் செய்த மசந்துகள் என்ற ஏஜெண்டுகளையும் குரு ஒழித்துக் கட்டினார்.

பகைவனுக்கும் தண்ணீர்

ஆனந்தபூரைச் சுற்றிய மலைநாட்டு ராஜாக்களுக்கு இது பிடிக்கவில்லை. தங்களோடு சரிசமமாக நாவிதனும் தண்ணீர்க்காரனும் வாள் எடுப்பதா என்று கொதித்தார்கள். மொகலாயப் படையையும் துணைக்கு அழைத்தார்கள். சண்டை ஓயவில்லை.

ஒரு சண்டையின்போது கன்னையா என்ற தொண்டர் தோல்பையில் தண்ணீர் கொண்டுபோய்க் காயப்பட்டவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் எதிரிப் படையாளுக்கும் தண்ணீர் கொடுக்கிறார் என்று சிலர் குருவிடம் கோள் சொன்னார்கள். குரு கூப்பிட்டு விசாரித்தார். எனக்கு எல்லா முகமும் உங்கள் முகமாகவே தெரிகிறது என்று கன்னையா பதில் சொன்னார். குரு எழுந்து உள்ளே போய், மருந்துக் களிம்பை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். இனிமேல் தண்ணீரோடு இதையும் போட்டு வா என்றார்.

குரானைத் தொட்டுச் செய்த சத்தியம்

கடைசியில் ஆனந்தபூர் முற்றுகைக்குள் சிக்கியது. மாதக்கணக்கில் கோட்டைக்குள் தானியம் போகவில்லை. மரப்பட்டையைத் தின்றார்கள் என்கிறார்கள். வெளியேறினால் வழிவிடுகிறோம் என்று பகைவர்கள் தூது விட்டார்கள். மலை ராஜாக்கள் பசுவின் பேரிலும், மொகலாய அதிகாரிகள் குரானின் பேரிலும் சத்தியம் செய்து கொடுத்தார்கள்.

1704-ம் ஆண்டு டிசம்பர் மாதக் கடுங்குளிரில் குரு வெளியேறினார். 1705 என்றும் கணக்குச் சொல்வார்கள். சத்தியம் செய்தவர்களே பின்னால் வந்து பாய்ந்தார்கள். சர்சா ஆற்றில் அன்று வெள்ளம். ஆற்றைக் கடக்கும்போது குடும்பம் மூன்றாகச் சிதறியது. ஆட்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். 20 ஆண்டுகளாகப் புலவர்கள் எழுதிக் குவித்த ஏடுகளும் மூட்டை மூட்டையாக அந்த ஆற்றோடு போயின. தப்பித்தவை எவை, போனவை எவை, பிறகு நினைவில் இருந்து எழுதிச் சேர்த்தவை எவை என்று இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனதற்கு அந்த இரவு ஒரு காரணம்.

சம்கோர் என்ற ஊரில் ஒரு மண்வீட்டுக்குள் சுமார் 40 பேரோடு குரு மடக்கப்பட்டார். மூத்த பிள்ளைகள் அஜித்சிங்கும் ஜுஜார்சிங்கும் அவர் கண்ணெதிரே போருக்குப் போய் மடிந்தார்கள். மிச்சம் இருந்த சீடர்களில் ஐவர் கூடி, குரு தப்பிப்போக வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். வேண்டுகோள் அல்ல, உத்தரவு. ஐவர் கூடிச் சொன்னால் அது குருவின் கட்டளை என்று விதி செய்தவரே அவர்தானே. மறுக்க முடியாமல் இருட்டில் வெளியேறினார்.

சின்னப் பிள்ளைகள் இருவரும் பாட்டியோடு சர்கிந்து நவாப் வசீர்கானிடம் பிடிபட்டார்கள். மூத்தவனுக்கே பத்து வயது நிரம்பவில்லை. மதம் மாற மறுத்ததால் உயிரோடு சுவருக்குள் வைத்துக் கட்டப்பட்டார்கள். செய்தி கேட்டுப் பாட்டியும் உயிர் விட்டார். குழந்தைகளைக் கொல்வது நம் மார்க்கத்துக்கு அடுக்காது என்று தர்பாரில் எதிர்த்துப் பேசியவர் ஒரே ஒருவர். அவர் மலேர்கோட்லா நவாப், ஒரு முஸ்லிம். சீக்கியர்கள் அதை மறக்கவில்லை. 1947-ல் பஞ்சாப் முழுவதும் ரத்த ஆறு ஓடியபோது மலேர்கோட்லா அமைதியாக இருந்தது.

நான்கு பிள்ளைகளையும் தாயையும் இழந்த குரு, அவுரங்கசீப்புக்குப் பாரசீக மொழியில் செய்யுளாக ஒரு கடிதம் எழுதினார். சபர்நாமா, அதாவது வெற்றிக் கடிதம் என்று அதற்குப் பெயர். எல்லாம் இழந்தவர் எழுதியதற்கு இந்தப் பெயர். அதில் அவர் குரானைப் பழிக்கவில்லை. பாதுஷாவின் மதத்தைத் தாக்கவில்லை. குரானின் பேரில் செய்த சத்தியத்தை மீறினால், அந்த மனிதனுக்கு அந்த நூலில் நம்பிக்கை இல்லை என்றுதானே பொருள் என்று கேட்டார். வேத நூலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வது ஒன்று, அதற்குக் கட்டுப்பட்டு நடப்பது வேறு என்பதைப் பாதுஷாவின் மத நூலை வைத்தே பாதுஷாவுக்குச் சொன்னார். ஐவரில் இருவரான தயாசிங்கும் தரம்சிங்கும் அந்தக் கடிதத்தைத் தக்காணத்தில் அகமதுநகரில் இருந்த பாதுஷாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிழவரான அவுரங்கசீப் குருவைச் சந்திக்க விரும்பி அழைப்பு அனுப்பினார். குரு புறப்பட்டுப் பாதி வழி வருவதற்குள், 1707-ல் பாதுஷா காலமாகிவிட்டார்.

குருவுக்கே அபராதம்

இடைப்பட்ட காலத்தில் குரு, தல்வண்டி என்ற ஊரில் சில மாதங்கள் தங்கினார். இப்போது தம்தமா சாகிப் என்று பெயர். ஆதி கிரந்தத்தின் மூலப்பிரதி அப்போது ராம்ராயின் பெரியப்பா தீர்மால் வம்சத்தாரிடம் இருந்தது. கேட்டுவிட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. குரு முழு நூலையும் நினைவில் இருந்தே சொல்ல, பாய் மணிசிங் எழுதினார் என்பது மரபு. தந்தை தேக்பகதூரின் பாடல்கள் உரிய ராகங்களின் கீழ் சேர்ந்தன. இப்போது குருத்துவாராக்களில் இருக்கும் 1,430 பக்கக் கிரந்தத்தின் வடிவம் அதுவே. தம் பாடல்களைச் சேர்க்க அவருக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. தடுக்க ஆள் இல்லை. ஏன் சேர்க்கவில்லை என்பதற்குக் காரணம் எதையும் அவர் எழுதி வைக்கவில்லை.

அவுரங்கசீப்பைப் பார்க்கத் தெற்கே போகும் வழியில், ராஜஸ்தானத்தில் தாதுதயாள் என்ற ஞானியின் சமாதியைக் கடந்தபோது, குரு தம் அம்பை உயர்த்தி அதற்கு வணக்கம் செலுத்தினார். கூட வந்த சீடர்கள் விடவில்லை. சமாதிகளை வணங்கக்கூடாது என்று விதி போட்டது நீங்கள், மீறியதும் நீங்கள் என்று மடக்கினார்கள். கூட்டம் போட்டு 125 ரூபாய் அபராதம் விதித்தார்கள். குரு சந்தோஷமாகக் கட்டினார். சீடர்கள் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்கத்தான் அப்படிச் செய்தார் என்று சொல்வார்கள்.

கோதாவரிக் கரையில்

அவுரங்கசீப்பின் மகன் பகதூர்ஷா பட்டத்துக்கு வந்ததும் குரு அவரோடு சமாதானமாகவே இருந்தார். அவரோடு சேர்ந்து தக்காணத்துக்கும் பயணமானார். 1708-ல் கோதாவரிக் கரையில் நாந்தேடு என்ற ஊரில் தங்கினார். பீதாருக்கு வடக்கே அதிகத் தூரம் இல்லாத ஊர் அது.

அங்கே ஒரு நாள் மாலை, பக்தனைப் போல வந்து பழகிய ஒரு பட்டாணியன் குருவைக் கத்தியால் குத்தினான். சர்கிந்து நவாபின் கைக்கூலி என்பது பலர் முடிவு. காயத்துக்குத் தையல் போட்டார்கள். ஆறி வந்தது. சில நாளில் ஒரு பலமான வில்லை நாணேற்றியபோது தையல் பிரிந்து ரத்தம் பெருகியது.

முடிவு நெருங்குவது தெரிந்தது. அடுத்த குரு யார் என்று சீடர்கள் கவலைப்பட்டார்கள். பிள்ளைகள் நால்வரும் இல்லை. உற்ற சீடர்கள் பலர் இருந்தார்கள். யார் தலையில் கை வைத்திருந்தாலும் அவர் குரு ஆகியிருப்பார். கோவிந்தசிங் கிரந்தத்தைக் கொண்டுவரச் சொன்னார். முந்தைய குருமார்கள் பட்டம் கட்டியபோது செய்தது போலவே ஐந்து காசும் ஒரு தேங்காயும் அதன் முன்னால் வைத்து, வலம் வந்து, தலை வணங்கினார். இனி மனித குரு கிடையாது, கிரந்தமே குரு, கால்சா கூட்டமே என் உடம்பு என்று அறிவித்தார். 1708 அக்டோபர் 7-ந் தேதி மறைந்தார். வயது 41.

இதை ஏற்காதவர்களும் உண்டு. நாம்தாரிகள் என்ற பிரிவினர், குரு நாந்தேடில் மறையவில்லை, மனித குரு பரம்பரை தொடர்கிறது என்று நம்புகிறார்கள்.

இரண்டாவது புத்தகம்

குருவின் மனைவி மாதா சுந்தரி டெல்லியில் வாழ்ந்தார். அவர் சொல்லி அமிர்தசரஸ் போன மணிசிங், பொற்கோயில் நிர்வாகத்தோடு, குருவின் பெயரால் வழங்கிய ஏடுகளையும் தேடிச் சேர்த்தார். அப்படிச் சேர்ந்ததுதான் தசம கிரந்தம், பத்தாமவர் நூல். மணிசிங் 1730-களில் லாகூரில் கண்டதுண்டமாக வெட்டிக் கொல்லப்பட்டார்.

அவர் மறைவுக்குப் பிறகு தம்தமாவில் பெரியவர்கள் கூடினார்கள். இத்தனையையும் ஒரே நூலாக வைப்பதா, தனித்தனியாகப் பிரிப்பதா என்று விவாதம். பக்திப் பாடல்களும் சபர்நாமாவும் சரி. ஆனால் அதே கட்டுக்குள் பெண்களின் சாகசங்களைப் பற்றிய நானூறுக்கு மேற்பட்ட கதைகளும் இருக்கின்றன. சரித்ரோபாக்யானம் என்று பெயர். நூலில் பெரும் பகுதி அதுதான். ஒரு ராஜாவின் இளைய ராணி, மூத்தாள் மகனை ஆசைப்பட்டு, அவன் இணங்காததால் பழி சுமத்துகிறாள். இளவரசனைக் காப்பாற்ற மந்திரி கதை கதையாகச் சொல்கிறார். நம் ஆட்கள் நாடகமாகவும் சினிமாவாகவும் பார்த்த சாரங்கதரன் கதையின் அதே முடிச்சு. உள்ளே வரும் கதைகள் சில மதனகாமராஜன் கதையையும் மிஞ்சும். வீரப் பெண்களின் கதைகளும் இடையே உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறர் மனை நோக்காதே என்று விதித்த குரு இதை எழுதியிருப்பாரா என்பது ஒரு கட்சி. வாலிப வீரர்கள் வழி தவறாமல் இருக்க எச்சரிக்கையாகவே எழுதினார் என்பது எதிர்க்கட்சி. குரு எழுதியது பாதி, அவைப் புலவர்கள் எழுதியது பாதி என்பது மூன்றாவது கட்சி. பாடல்களில் ராம், சியாம் என்ற புலவர் முத்திரைகள் வருவதை இவர்கள் காட்டுவார்கள். நம்மிடையே ராமலிங்க அடிகளின் பாடலை அருட்பா என்பதா மருட்பா என்பதா என்று நடந்த சண்டை கோர்ட்டு வரை போனதை நினைத்துப் பார்த்தால், தம்தமாவில் கூடியவர்களின் சங்கடம் புரியும்.

அந்த நேரத்தில் மேதாப்சிங் என்ற வீரர் அங்கே வந்து சேர்ந்தார். மசா ரங்கர் என்ற அதிகாரி பொற்கோயிலுக்குள் கட்டில் போட்டு, குடித்து, தாசிகளை ஆடவிட்டுக் கும்மாளம் போடுகிறான், அவன் தலையை வாங்கப் போகிறேன் என்றார். விவாதத்தைக் கேட்டவர், நான் காரியத்தை முடித்துத் திரும்பினால் நூல் ஒரே கட்டாக இருக்கட்டும், திரும்பாவிட்டால் பிரித்துவிடுங்கள் என்று யோசனை சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். 1740-ல் மேதாப்சிங்கும் சுக்காசிங்கும் வரிப்பணம் கட்ட வந்த குடியானவர்களைப் போல உள்ளே நுழைந்து, மசா ரங்கரின் தலையோடு திரும்பினார்கள். நூல் பிரியவில்லை. ஒரு நூலின் தலையெழுத்தைப் புலவர்கள் தீர்மானிக்காமல் ஒரு வாள் வீச்சு தீர்மானித்தது விசித்திரம்தான்.

வாளால் முடிந்த வழக்கு பேனாவால் மறுபடி தொடங்கியது. 1890-களில் அமிர்தசரஸில் ஒரு குழு அமைத்து 32 பிரதிகளை ஒப்பிட்டுப் பாடம் திருத்தினார்கள். பாசூர் என்ற ஊரின் தேஜாசிங் என்பவர் இன்னும் தூரம் போய், ஆதி கிரந்தத்திலேயே கபீர், பரீத் முதலானோர் பாடல்கள் வேண்டாம் என்று கிளம்பினார். ராம்ராய் ஒரு சொல்லை மாற்றியதற்கே பீடம் போயிற்று. இவர் பக்கம் பக்கமாக நீக்கப் பார்த்தார். 1928-ல் அகால் தக்து அவரைச் சமூகத்தில் இருந்து விலக்கி வைத்தது.

1945-ல் அங்கீகரிக்கப்பட்ட நடத்தை விதி நூல், குரு கிரந்தத்துக்குச் சமமாக வேறு எந்த நூலையும் பீடத்தில் வைக்கக்கூடாது என்கிறது. ஆனாலும் நாந்தேடிலும் பாட்னாவிலும், அதாவது குரு மறைந்த ஊரிலும் பிறந்த ஊரிலும், தசம கிரந்தம் பக்கத்திலேயே வைத்து வணங்கப்படுகிறது. அமிர்தசரஸில் அப்படி இல்லை. 2008-ல் அகால் தக்து கூடி, தசம கிரந்தம் சீக்கிய இலக்கியத்தின் பகுதி, ஆனால் குருபட்டம் குரு கிரந்தத்துக்கு மட்டுமே என்று தீர்மானம் போட்டது. சண்டை அதோடு நிற்கவில்லை. 2010-ல் அகால் தக்தின் முன்னாள் தலைவர் ஒருவரே இந்த விவகாரத்தில் விலக்கி வைக்கப்பட்டார்.

கால்சாவில் சேருகிறவர்களுக்கு இன்றும் 1699-ல் நடந்த முறைப்படியே இரும்புப் பாத்திரத்தில் சர்க்கரைத் தண்ணீரை வாளால் கலக்கித் தீர்த்தம் தயாரிக்கிறார்கள். அப்போது ஐந்து பாடல் தொகுதிகளை ஓதுகிறார்கள். இரண்டு, குரு கிரந்தத்தில் இருப்பவை. மூன்று, தசம கிரந்தத்தில் இருந்து வருபவை. அந்த மூன்றில் ஒன்று, இறைவனிடம் பாதுகாப்புக் கேட்டுப் பாடும் சௌபாயி. சீக்கியர்கள் மாலைப் பிரார்த்தனையிலும் அதைத் தினமும் ஓதுகிறார்கள். அது இருக்கும் இடம், அந்தப் பெண்கள் சாகசக் கதைத் தொகுப்பில் கடைசிக் கதையின் முடிவு.